யாருடைய அளவு இது?

சக்கர நாற்காலியின் இருக்கை, உட்காருபவரின் இடுப்பைவிட நான்கு விரல் அகலமாக இருந்தால் என்ன ஆகும்? முதல் நாள் ஒன்றும் ஆகாது. தாராளமாக இருக்கிறதே என்றுகூடத் தோன்றும். மாதங்கள் போகப் போக உடம்பு ஒரு பக்கம் சாயத் தொடங்கும். விழாமல் இருக்க ஒரு முழங்கையை எப்போதும் கைப்பிடியில் ஊன்றிக்கொண்டே இருக்க வேண்டிவரும். முதுகெலும்பு அந்தச் சாய்வுக்கே பழகி வளையும். எடை முழுவதும் ஒரு பக்கத்தில் இறங்கி, உணர்ச்சியற்ற தோலில் புண் வரும். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் குப்புறப் படுத்திருக்க வேண்டும். வேலை போகும், படிப்பு போகும். எல்லாவற்றுக்கும் காரணம் நான்கு விரல் அகலம்.

அந்த அகலத்தை யார், எந்த உடம்பைப் பார்த்து முடிவு செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கார், மிக்ஸி, செயற்கைக் கால், பள்ளிக்கூட பெஞ்ச் என்று கையில் படும் எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தும். இன்று பெரும்பாலான பொருள்கள் செய்யப்படும் முன்பே கணினிக்குள் பிறந்து, அங்கேயே சோதிக்கப்பட்டு, தேவைப்பட்டால் அங்கேயே கைவிடப்படுகின்றன. அந்தக் கணினி வேலையைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆராய்ச்சி நம் வாழ்க்கையை நேரடியாகத் தொடுகிறது. ஆனால் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

அந்த ஆராய்ச்சி நடக்கும் ஊர்களும், அதற்கு ஆள் தயாராகும் ஊர்களும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டியே நெருங்கிக் கிடக்கின்றன. நாவலூரும் சிறுசேரியும் தாண்டினால் படூர். இந்துஸ்தான் பொறியியல் கல்லூரி 1985-இல் இங்கே தொடங்கியபோது, ஐடி கம்பெனி என்ற பேச்சே இந்தப் பக்கம் இல்லை. அடுத்த ஊரான கேளம்பாக்கத்துக்கு உப்பளம்தான் அடையாளம். இன்று அந்தக் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கேளம்பாக்கத்தில் வண்டலூர் சாலைக்குத் திரும்பினால் மேலக்கோட்டையூரில் ஐஐஐடிடிஎம் காஞ்சிபுரம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பத்தோடு வடிவமைப்பையும் உற்பத்தியையும் பெயரிலேயே வைத்துக்கொண்டு, ஜப்பான் ஒத்துழைப்போடு 2007-இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம் அது. திரும்பாமல் நேரே தெற்கே போனால் தையூர். சென்னை ஐஐடியின் இரண்டாவது வளாகம் அங்கே எழுந்துகொண்டிருக்கிறது. நானூறு மீட்டருக்கும் மேல் நீளமான ஹைப்பர்லூப் சோதனைக் குழாய் அங்கேதான் கிடக்கிறது. அதே சாலையில் திருப்போரூரைக் கடந்து போனால் மாமல்லபுரம். மேற்கே, செங்கல்பட்டுக்கு முன்னால் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் மகிந்திராவின் வாகன ஆராய்ச்சி மையம். முப்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் வடிவத்தைப் படிப்பவர்கள், வடிவத்தை வைத்துப் பிழைப்பவர்கள் என்று இத்தனை பேர் இருக்கும் இடம் தமிழ்நாட்டில் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

டிசைன் என்றால் நம்மில் பலருக்கும் பார்க்க அழகாக இருப்பது. பொருளைச் செய்து முடித்த பிறகு மேலே பூசும் பூச்சு என்ற நினைப்பு. 1958-இல் இந்திய அரசு அழைத்து இங்கே வந்த அமெரிக்கத் தம்பதி சார்ல்ஸ், ரே ஈம்ஸ் இருவரும் தங்கள் அறிக்கையில் அந்த நினைப்பை உடைக்க எடுத்துக்கொண்ட பொருள் நம் வீட்டுச் செம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், ஆணும் பெண்ணும் குழந்தையும் எப்படித் தூக்குவார்கள், இடுப்பிலா தலையிலா, நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கும், காலியானால் எங்கே நிற்கும், கழுத்து எவ்வளவு குறுகினால் தளும்பாது, உள்ளே கைவிட்டுத் தேய்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே போனார்கள். இத்தனை கேள்விக்கும் பதில் சொல்லும் ஒரு வடிவத்தைத் தனியொருவர் உட்கார்ந்து வரையவில்லை, பல தலைமுறைகள் சேர்ந்து செய்தன என்பது அவர்கள் கண்டது. அந்த அறிக்கையின் விளைவாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. 1969-இல் மும்பை ஐஐடியில் தொழில்துறை வடிவமைப்பு மையம் வந்தது.

பல தலைமுறை எடுத்துக்கொண்ட அந்தத் திருத்தத்தைச் சில மாதங்களில் முடிக்கலாம் என்பது கணினி தந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று பார்க்க வேண்டும்.

124 பங்கு

மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இன்று கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக நடக்கிறது. கணபதி ஸ்தபதி முதல்வராக இருந்த கல்லூரி. அங்கே பாடமாக இருக்கும் தாலமானத்தைக் கணினி வடிவமைப்பு படிக்கும் ஒரு மாணவர் பார்த்தால் திகைத்துப்போவார்.

சிற்ப நூல் கணக்கில் அங்குலம் என்பது அடிக்கோலில் இருக்கும் அங்குலமாக இருக்க வேண்டியதில்லை. செய்யப்போகும் உருவத்தின் உயரத்தையே சமபங்குகளாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை அங்குலமாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கு தேகலப்த அங்குலம் என்று பெயர். திருமாலுக்கும் சிவனுக்கும் உத்தம தச தாலம், 124 பங்கு. தேவியருக்கு மத்திம தச தாலம், 120 பங்கு. குள்ளமாகவும் பருமனாகவும் அமையும் பிள்ளையாருக்கு ஐந்து தாலம். ஓர் அங்குலத்தை மேலும் எட்டு யவமாகப் பிரிப்பார்கள். முகம் இத்தனை அங்குலம், கழுத்து இத்தனை, மார்பிலிருந்து நாபி இத்தனை என்று வரிசை போகும். உயரம் என்ற ஒரே எண்ணை மாற்றினால் மூக்கின் நுனி வரை அத்தனையும் தானாக மாறிவிடும். அரை அடிச் செப்புத் திருமேனிக்கும் பன்னிரண்டு அடிக் கருங்கல் சிலைக்கும் கணக்கு ஒன்றே.

கணினி உலகம் இதற்கு வந்து சேர நாளானது. 1963-இல் எம்ஐடி மாணவர் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு போட்டு, இந்த இரண்டு கோடும் இணையாக இருக்கட்டும் என்று சொன்னால், பிறகு எதை இழுத்தாலும் அவை இணையாகவே நிற்கும். கணினியில் வரைவது என்ற துறையே அங்கிருந்து கிளம்பியது. ஆனாலும் ஒரு அளவை மாற்றினால் முழுப் பொருளும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும் மென்பொருள் தொழிற்சாலை மேசைக்கு வந்தது, 1988-இல் ப்ரோ-இன்ஜினீயர் வெளியான பிறகு. இன்று பொறியியல் கல்லூரிகளில் சாலிட்வொர்க்ஸிலோ கேட்டியாவிலோ ஒரு மாணவர் பாகத்தின் உயரத்தைத் திருத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினால் துளைகளும் விளிம்புகளும் நகர்ந்து சரியாக உட்காருகின்றன. ஸ்தபதிகள் இதை மனக்கணக்காகச் செய்திருக்கிறார்கள் என்று பெருமை பேசிவிட்டுப் போவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு குறை இருக்கிறது, அதுதான் முக்கியம்.

தாலமானம் தெய்வ உருவத்துக்கான கணக்கு. எந்த மனிதரின் உடம்பும் 124 பங்காக வகுபடாது. ஐந்தரை அடி உயரமுள்ள இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடல் நீளம். ஒருவரின் தோள் அகலம், மற்றவரின் இடுப்பு அகலம். ஓர் அளவிலிருந்து மீதியைக் கணக்குப் போட்டு எடுக்கும் எந்த முறையும் அவர்களுக்குப் பொருந்தாத சட்டையைத்தான் தைக்கும். கணினிக்குள் ஒரு வடிவம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அதற்குள் முதலில் போட்ட எண் யாருடையது என்பது கேட்கப்படாமலே போய்விடுகிறது.

ரகசியமாக வைத்த வளைவு

கார் விற்பனைக்கு வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அதன் உருவம் முடிவாகிவிடும். பானட்டின் மேடும் கதவின் குழிவும் ஒன்றோடொன்று வழுக்கிச் சேர வேண்டும். ஒளி பட்டால் பிம்பம் உடையக் கூடாது. 1950-களில் இதைக் களிமண் உருவத்திலிருந்து அச்சுகளாக நகலெடுத்தார்கள், நகலுக்கு நகல் கோணிப்போகும். சித்ரோயன் கம்பெனியில் பணிபுரிந்த கணித அறிஞர் பால் டி காஸ்டெல்ஜோ, சில புள்ளிகளை வைத்தே ஒரு வளைவைத் துல்லியமாகச் சொல்லிவிடும் வழியை 1959-இல் கண்டுபிடித்தார். கம்பெனி அதை வெளியே விடவில்லை. சில ஆண்டுகள் கழித்து ரெனோ கம்பெனியில் பியேர் பெஸியே தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் அதைக் கட்டுரையாக எழுதி உலகத்துக்குச் சொன்னார். அதனால் அது பெஸியே வளைவு என்றே நிலைத்துவிட்டது. கணினித் திரையில் நீங்கள் படிக்கும் தமிழ் எழுத்துருவின் ஒவ்வொரு சுழியும் அந்தக் கணக்கில் வரைந்ததே.

பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு இதில் ஒரு பாடம் இருப்பதாக நினைக்கிறேன். பூட்டி வைத்த கண்டுபிடிப்பு ஒரு கம்பெனிக்கு உதவியது. எழுதி வெளியிட்டது ஒரு துறையையே கட்டியது. அந்த ரெனோவின் கார்கள் ஒரகடத்தில் உருண்டு வெளியே வருகின்றன. 2015-இல் வந்த க்விட் காரின் பொறியியல் குழு சென்னையிலிருந்தே இயங்கியது. ஆனாலும் உலகம் முழுக்கக் கார் வடிவமைப்புக் கூடங்களில் முழு அளவுக் களிமண் உருவத்தை இன்றும் செய்கிறார்கள். திரையில் சரியாகத் தெரிந்த தோள்வளைவு, வெயிலில் நிற்கும் களிமண்ணில் தொய்வாகத் தெரிகிறது. உள்ளங்கையால் தடவிப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

தொட்டுப் பார்ப்பதையும் கணினிக்குள் கொண்டுவர முடியுமா என்பதே ஒரு தனி ஆராய்ச்சி. சென்னை ஐஐடியில் பேராசிரியர் எம். மணிவண்ணனின் தொடு உணர்வு ஆய்வகம் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. வழுவழுப்பான கண்ணாடித் திரையில் விரலை ஓட்டும்போது சொரசொரப்பையும் விளிம்பையும் விரல் உணரும்படி மின்விசையால் செய்யும் ஐடேட் என்ற திரை அங்கிருந்து வந்தது. நாளை ஒரு ஃபேன் ரெகுலேட்டரின் திருகு எவ்வளவு இறுக்கமாக இருக்கலாம் என்று, அதை வார்க்கும் முன்பே முதியவர் ஒருவரின் விரலிடம் கேட்டுவிட முடியும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமரேஷ் சக்ரவர்த்தியும் அவரது குழுவும் செய்த ஐடியா-இன்ஸ்பயர் வேறு வகை. பூச்சி எப்படி நகர்கிறது, விதை எப்படிப் பறக்கிறது என்பதையெல்லாம் முறையாகப் பகுத்து வைத்துக்கொண்டு, வடிவமைப்பாளர் ஒரு சிக்கலைச் சொன்னால் அதற்கு ஒத்த இயற்கை உதாரணங்களை எடுத்துக்காட்டும் மென்பொருள் அது. 2005-இலேயே அதைப் பற்றிக் கட்டுரை வெளியானது. இன்றைய செயற்கை நுண்ணறிவுப் பரபரப்புக்கு வெகுகாலம் முன்பு. வடிவமைப்பு ஆராய்ச்சிக்கென்றே அவர்கள் நடத்தும் ஐகார்ட் மாநாடு 2013 ஜனவரியில் சென்னை ஐஐடியில் கூடியது.

நாற்காலிக்கு முன்னால் உடம்பு

இந்தக் கருவிகளெல்லாம் சேர்ந்து ஓர் உடம்புக்கு என்ன செய்தன என்று பார்க்கச் சிறந்த இடம், சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீநிவாசன் வழிநடத்தும் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி, சாதன மேம்பாட்டு மையம். ஆர்2டி2 என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

நம் ஊர் ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்கும் மடக்கு நாற்காலியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நோயாளியை வார்டிலிருந்து எக்ஸ்ரே அறை வரை இன்னொருவர் தள்ளிப்போகச் செய்த பொருள் அது. இருபது கிலோவுக்குப் பக்கத்தில் எடை இருக்கும். அதையே வாழ்நாள் முழுக்க ஒருவர் உட்காரக் கொடுத்துவிடுகிறோம். இருக்கையின் ஆழம் தொடை நீளத்தைவிட அதிகமானால் முழங்காலின் பின்புறம் விளிம்பு குத்தும். அதைத் தவிர்க்க உடம்பை முன்னே சறுக்கிக் கூன்போட்டு உட்காருவார்கள். கால்பலகை தாழ்ந்திருந்தால் கால் தொங்கும். உயர்ந்திருந்தால் தொடை தூக்கிக்கொண்டு எடை முழுக்கப் பின்புறத்தில் விழும். எல்லாவற்றிலும் முக்கியமானது பெரிய சக்கரத்தின் அச்சு எங்கே இருக்கிறது என்பது. அது தோளுக்கு நேர்கீழாக வராமல் பின்னுக்குத் தள்ளி இருந்தால், ஒவ்வொரு தள்ளலுக்கும் தோள் பின்னால் போய் முறுக்கிக்கொள்ளும். காலை இழந்தவருக்குத் தோள்தான் கால். பத்து வருடத்தில் அதுவும் தேய்ந்துவிடும். அச்சை மிகவும் முன்னே கொண்டுவந்தால் ஏற்றத்தில் நாற்காலி மல்லாக்கச் சாயும். இரண்டுக்கும் நடுவே ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருக்கிறது. அவருடைய எடை, கை நீளம், தண்டுவடத்தில் அடிபட்ட இடம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும்.

இப்படி ஒவ்வொருவருக்கும் அளந்து செய்வது பணக்கார நாடுகளில் பல காலமாக உண்டு. இறக்குமதி செய்தால் லட்சங்களில் விலை. ஒரு அடிப்படை வடிவத்தைக் கணினியில் கட்டி, பத்துப் பதினைந்து அளவுகளை மட்டும் மாற்றினால் குழாய்களின் நீளமும் வளைவும் தானாகத் திருந்தும்படி செய்துவிட்டால், ஒருவருக்கென்று செய்யும் செலவு இறங்கும். ஐஐடியின் ஆராய்ச்சிப் பூங்காவிலிருந்து கிளம்பிய நியோமோஷன் நிறுவனத்தின் நியோஃபிளை நாற்காலி அந்த வழியில் வந்தது. 2021-இல் அறிவித்தபோது விலை 39,900 ரூபாய். அதன் முன்னால் பூட்டிக்கொள்ளும் மோட்டார் வண்டியான நியோபோல்ட் 55,000 ரூபாய். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும். பூட்டினால் சாலையில் போகும் வண்டி, கழற்றினால் வீட்டுக்குள் நுழையும் நாற்காலி. 2025 ஜூலையில் ஆர்2டி2, த்ரைவ் மொபிலிட்டியுடன் சேர்ந்து ஒய்டி ஒன் என்ற நாற்காலியை வெளியிட்டது. ஒற்றைக் குழாய்ச் சட்டம், எடை 9 கிலோ. ஆட்டோவின் பின்சீட்டில் தானே தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பலாம் என்பதன் அர்த்தம், இன்னொருவர் வரும்வரை காத்திருந்து காத்திருந்து சலித்தவர்களுக்குத்தான் புரியும்.

அதற்கு முன்பே, 2019-இல், அதே மையத்திலிருந்து அரைஸ் வந்தது. உட்கார்ந்த நிலையிலிருந்து தானே எழுந்து நிற்க உதவும் நாற்காலி. ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் அதைத் தயாரித்தது. நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் எலும்பு நலியும், ரத்த ஓட்டம் தளரும். ஒரு மணி நேரம் நிற்பது மருந்துபோல. அத்தோடு அலமாரியின் மேல்தட்டு எட்டும், எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசலாம்.

முழங்கால் இன்னும் நுணுக்கமான கதை. கதவுக்கீல் போல ஒரே அச்சில் மடங்கும் செயற்கை மூட்டு மலிவானது. ஆனால் குதிகால் தரையில் படும் நொடியில் எதிர்பாராமல் மடங்கிவிடும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே காலை விறைப்பாக வைத்து இடுப்பைச் சுழற்றி நடப்பார்கள். உண்மையான முழங்காலில் அச்சு ஓரிடத்தில் நிற்பதில்லை, மடங்க மடங்க நகர்கிறது. நான்கு தண்டுகளைக் கோத்துச் செய்யும் பல்லச்சு மூட்டில் அந்த நகர்வைக் கொண்டுவரலாம். தண்டுகளின் நீளத்தை எப்படி வைத்தால் நிற்கும்போது பூட்டியதுபோல உறுதியும், அடியெடுத்து வைக்கும்போது கால்விரல் தரையில் தட்டாத இடைவெளியும் கிடைக்கும் என்று தேட வேண்டும். அந்தத் தேடல் கையால் ஆகாது. உடம்பில் ஒட்டிய ஒளிப்புள்ளிகளைக் கேமராக்கள் பின்தொடர, தரைத்தட்டு பாதத்தின் விசையை அளக்க, நடையையே எண்களாக்கிக் கணினிக்குக் கொடுக்கிறார்கள். 2022-இல் வெளியான கதம் முழங்கால் அப்படி உருவானது. பெங்களூருவின் மொபிலிட்டி இந்தியா அதைத் தயாரிக்கிறது. சர்வதேசத் தரப்படி முப்பது லட்சம் முறை சுமையேற்றிச் சோதித்தார்கள். 160 டிகிரி வரை மடங்கும். வெளிநாட்டு வடிவமைப்பாளருக்கு நாற்காலியில் உட்காரும் கோணமே போதும் என்று தோன்றலாம். ஷேர் ஆட்டோவின் மூலையிலும், டவுன்பஸ்ஸின் நெருக்கமான சீட்டிலும் காலை மடக்கி வைக்க வேண்டியவருக்கு அது போதாது. அந்தக் கூடுதல் கோணத்தை மென்பொருள் கேட்கவில்லை. இங்கே வாழ்பவர் கேட்டார்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நடமாட்டத்தில் சிரமம். ஒரு மாவட்டத்துக்கே சில ஆயிரம் வெவ்வேறு உடம்புகள் வருகின்றன. இத்தனை பேரையும் தனித்தனியே அளந்து செய்வது நடக்கிற காரியமா என்று முப்பது வருடத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் இல்லை என்பதே நியாயமான பதிலாக இருந்திருக்கும். இன்று அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. கணினி வடிவமைப்பு சாதித்ததில் இதை முதலிடத்தில் வைப்பேன்.

ஜோ, ஜோசஃபின், பிறகு நாம்

1955-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி ட்ரைஃபஸ் தன் புத்தகத்தில் ஜோ, ஜோசஃபின் என்ற இரண்டு உருவங்களை அறிமுகப்படுத்தினார். சராசரி அமெரிக்க ஆண், சராசரி அமெரிக்கப் பெண். அவர்களின் கை எட்டும் தூரமும் முழங்கால் உயரமும் போன், டிராக்டர், விமான இருக்கை வரை போய்ச் சேர்ந்தன. பிறகு வந்த மென்பொருள்களில் டிஜிட்டல் மனிதப் பொம்மைகள் வந்தன. அவற்றில் பலவற்றின் உடம்பும் அமெரிக்க, ஐரோப்பிய ராணுவ வீரர்களின் அளவிலிருந்து எடுத்தது.

இந்திய உடம்புகளை அளந்து வடிவமைப்பாளர் கையில் கொடுத்த பெரிய முயற்சி தேப்குமார் சக்ரவர்த்தியுடையது. தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் மாணவர்கள் அதையே புரட்டுகிறார்கள். ஆடைக்கான இந்திய அளவைக் கண்டறிய, 25,000 பேருக்கு மேல் முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் இந்தியாசைஸ் திட்டத்தை தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகமான நிஃப்ட் கையில் எடுத்தது. பதினைந்து வயது முதல் அறுபத்தைந்து வரை. நல்ல காரியம். ஆனால் ஆடைக்கு நின்ற உடம்பின் சுற்றளவு போதும். கருவிக்கு அது போதாது. குனிந்தால் கை எவ்வளவு எட்டும், பிடியின் பலம் எவ்வளவு, மீன்கூடை சுமக்கும் பெண்ணின் கழுத்து எவ்வளவு தாங்கும் என்பவை ஸ்கேனரில் விழாது. அதைக் களத்தில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

ஐஐஐடிடிஎம்மில் கணினி அறிவியலில் சேரும் மாணவரும் வடிவமைப்புப் பாடம் படித்தே வெளியே வர வேண்டும். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதும் நிரல் ஏதோ ஒரு கைக்குப் போய்ச் சேரப்போகிறது என்பதை முதலாண்டிலேயே ஒருவர் அறிந்துகொள்வது பெரிய விஷயம். 2022-இல் டைடல் பூங்காவில் தமிழக அரசின் டிட்கோ, டசோ நிறுவனத்துடன் சேர்ந்து டான்கேம் மையத்தைத் தொடங்கியபின் விலையுயர்ந்த மென்பொருள்களைச் சிறு தொழில் நடத்துபவர்களும் தொட முடிகிறது. கட்டணமில்லாத வடிவமைப்பு மென்பொருளான ஃப்ரீகேட் 2024 நவம்பரில் முதல் முழுப் பதிப்பை எட்டியது. கருவிக்குப் பஞ்சம் என்று இனி சொல்ல முடியாது.

அச்சு இயந்திரங்களும் அப்படித்தான். சக் ஹல் 1986-இல் காப்புரிமை பெற்ற முப்பரிமாண அச்சு முறை, பெரிய கம்பெனிகளின் சொத்தாகவே இருபது ஆண்டுகள் கிடந்தது. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் முறையின் காப்புரிமை 2009-இல் முடிந்தது. அதற்குள் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தன் அச்சு இயந்திரத்தின் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தார். அங்கிருந்து விலை சரிந்தது. சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல், முழு ராக்கெட் இன்ஜினை ஒரே துண்டாக உலோகத்தில் அச்சிட்டு, அதைப் பூட்டிய ராக்கெட்டை 2024 மே 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. த்வஸ்டா என்ற நிறுவனம் 2021-இல் 600 சதுர அடி வீட்டையே கான்கிரீட்டில் அச்சிட்டது.

இத்தனைக்கும் பிறகு, கல்லூரிக் கண்காட்சிகளில் இறுதியாண்டு மாணவர்களின் மேசையைப் பார்த்தால் மனம் கொஞ்சம் கலங்குகிறது. திரையில் பளபளக்கும் மாதிரி, பக்கத்தில் அச்சிட்ட சிறு உருவம், அழுத்தம் எங்கே அதிகம் என்று சிவப்பும் நீலமுமாக ஒரு வரைபடம். எல்லாம் இருக்கும். இதை யார் பயன்படுத்தப்போகிறார், அவரைப் பார்த்தீர்களா, அவருடைய கையை அளந்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. பிள்ளைகள்மீது தப்பில்லை. மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. கட்டுரை வெளியானால் பேராசிரியருக்குப் புள்ளி, காப்புரிமை பதிந்தால் கல்லூரிக்குத் தரவரிசை. பயனாளியின் வீட்டுக்கு நான்கு முறை போய், நிலைப்படியின் உயரத்தையும் குளியலறைக் கதவின் அகலத்தையும் குறித்து வந்ததற்கு ஒன்றும் கிடையாது. வடிவமைப்பின் பாதி அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது.

படூர் வட்டாரக் கல்லூரிகளுக்கு இந்த வேலை கூப்பிடு தூரத்தில் காத்திருக்கிறது. மாமல்லபுரத்தின் ஐந்து ரதம் சாலையில் நடந்தால் உளிச் சத்தத்துக்கு மேலாக கிரைண்டரின் அலறல் கேட்கும். 2017-இல் புவிசார் குறியீடு பெற்ற கற்சிற்பத் தொழில் அது. முன்பு உளியால் நாட்கணக்கில் குறைத்த கல்லை இப்போது வைரச் சக்கரம் வைத்த கிரைண்டர் சில மணி நேரத்தில் குறைத்துவிடுகிறது. கூடவே தூளும் பறக்கிறது. கருங்கல்லில் படிக மணல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியான அந்தத் துகள் நுரையீரலில் போய்த் தங்கினால் சிலிகோசிஸ் வரும். வந்தால் குணமாகாது. முகமூடி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சித்திரை வெயிலில் ஓலைப் பந்தலின் கீழ் எட்டு மணி நேரம் முகமூடி போட்டு வேலை செய்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அங்கே தேவைப்படும் பொருளை ஒரு வடிவமைப்பு மாணவர் குழு இப்போதே எடுத்துச் செய்யலாம். கிரைண்டரின் சக்கரத்தைச் சுற்றி ஒரு கவசம், அதிலிருந்து தூளை உறிஞ்சும் குழாய் அல்லது சொட்டும் தண்ணீர். கவசம் சக்கரம் கல்லைத் தொடும் கோட்டைச் சிற்பியின் கண்ணிலிருந்து மறைக்கக் கூடாது, மறைத்தால் அன்றைக்கே கழற்றி எறிவார். கண்ணிமையின் மடிப்புக்கும் பீடத்தின் விளிம்புக்கும் கையைத் திருப்பும் கோணம் வேறு, இரண்டிலும் இடிக்காமல் சுழல வேண்டும். தண்ணீர் மோட்டாருக்குள் போகக் கூடாது, மின்சாரம் கைக்கு வரக் கூடாது. தண்ணீர் பட்டால் கல்லில் போட்ட செங்காவிக் குறி அழியும், அதற்கும் வழி வேண்டும். எடை கூடினால் மணிக்கட்டு தாங்காது. கூடம் கூடமாக கிரைண்டரின் கழுத்தளவு வேறு வேறு, ஆகவே ஒரே அச்சு போதாது, அளவு மாற்றினால் மாறும் வரைபடமாக இருக்க வேண்டும். அந்த வரைபடத்தைப் பூட்டி வைக்காமல் வெளியிட வேண்டும், ஊர்ப் பட்டறையில் உடைந்த பாகத்தை அச்சிட்டுக்கொள்ளும்படி. இதற்கு வேண்டிய மென்பொருளும் அச்சு இயந்திரமும் இன்று பல கல்லூரி ஆய்வகங்களில் இருக்கின்றன. சிற்பியின் கையளவு மட்டும் இன்னும் எடுக்கப்படவில்லை. திருப்போரூர் வழியாகப் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்து, எடுத்து வந்துவிடலாம்.